தாய்ப்பால் மட்டும்

ஏப்ரல் 4, வியாழன்

மித்ரனுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது, நேற்று ஆஸ்பத்திரியில் அவன் குதிகாலில் ஊசியால் குத்தினார்கள். அட்டையில் அச்சடித்த வட்டங்களுக்குள் ரத்தத்தைச் சொட்ட வைத்துக் காயவிட்டார்கள். அதைச் சென்னைக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம். அவன் குத்தியதற்கு அழவில்லை, காலைப் பிடித்து வைத்ததற்குத்தான் அழுதான். பிடித்து வைத்தது நான்.

கல்லூரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று. இப்போது இந்த வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை, அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எழுதினால் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு தடவை எழுதினேன். இனி எழுத மாட்டேன். மித்ரன் வயிற்றில் நாலாம் மாதமாக இருக்கும்போது எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கணவரையும் கூப்பிட்டு எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது. அவர் போர்வெல் வண்டியில் டிரில்லர், மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் ராய்ப்பூர் பக்கம். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இரவு ஒரே மாத்திரையை வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு விழுங்குகிறோம்.

அத்தைக்குத் தெரியாது. மாத்திரை ரத்தம் ஊற என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

டாக்டர் ஷாஹிதா சொன்னது: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். "தண்ணிகூட வேண்டாம். பசும்பால், தேன், உரைமருந்து எதுவும் வேண்டாம். ரெண்டையும் கலக்காதீங்க. வேற பால் பட்டா பிஞ்சுக் குடல் புண்ணாகும், கிருமி அதுவழியாத்தான் உள்ள போகும்."

வீட்டில் உரைகல் தயாராக இருந்தது. அத்தை வசம்பையும் ஜாதிக்காயையும் சுட்டு வைத்திருந்தார்.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை."

"அந்த டாக்டரம்மாளுக்கு அவிய ஆத்தா உரைமருந்து ஊத்துனதுலதான அவ டாக்டரா ஆனா?"

"இப்ப அதெல்லாம் குடுக்கறதில்லீங்க."

"சரி கண்ணு. நீ படிச்சவ," என்று உரைகல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சத்தத்தில் மித்ரன் தூக்கிவாரிப்போட்டு விழித்தான்.


ஏப்ரல் 13, சனி

போர்வைகளைத் துவைத்தேன். சென்னையிலிருந்து ஒன்றும் வரவில்லை. பால் குடித்துக்கொண்டே அவன் என்னைப் பார்க்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.


ஏப்ரல் 25, வியாழன்

அவர் போன் செய்தார். எப்போதும் மூன்று கேள்விதான். பையன் நல்லா இருக்கானா? நீ சாப்பிட்டயா? மாத்திரை? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அங்கே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி வந்துருச்சு போல, போறேன்" என்றார். தண்ணீர் வந்தால் அங்கே எல்லாரும் கத்துவார்கள், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்று யாரும் கத்தவில்லை.

மருந்துக்கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கியிருக்கிறேன். மஞ்சளாக, எண்ணெய் நிறைத்தது. நான் படித்தது ஊட்டச்சத்தியல். மூன்றாமாண்டில் இந்த வைட்டமினைப் பற்றித்தான் மேடையில் பேசிக் கைதட்டு வாங்கினேன். குடலின் உட்சுவரைக் காக்கும், தொற்றை எதிர்க்கும், தாய் சாப்பிட்டால் பாலில் இறங்கும். கிருமி குடல் வழியாகத்தான் போகும் என்றால் அந்தச் சுவரை நான் பூசி மெழுகிவிடலாம் இல்லையா?

டாக்டரிடம் கேட்கவில்லை. தேவையில்லை என்பார். சும்மா இருக்க அவரால் முடியும்.


மே 9, வியாழன்

இல்லை.

அவனுக்கு இல்லை. முதல் பரிசோதனையில் இல்லை. இன்னும் ஆறாம் மாதம் ஒன்று, ஒரு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் கடைசி ஒன்று உண்டாம். டாக்டர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அழ ஆரம்பித்தான். அங்கேயே, அவர் முன்னாலேயே மடியில் போட்டேன். இத்தனை நாளும் பால் கொடுத்தது பயத்தோடுதான். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். குடிக்கும்போது ஒரு கையால் தன் காதைப் பிடித்துக்கொள்கிறான். இது எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

மஞ்சள் மாத்திரைதான் காத்தது என்று மனதுக்குள் ஒரு எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை.


ஜூன் 12, புதன்

மாத்திரையை இரண்டாகக் கூட்டலாமா என்று பார்க்கத்தான் மதியம் போனில் தேடினேன். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. தான்சானியாவில், இந்தக் கிருமி உள்ள தாய்மார்களுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடுத்தவர்களிடமிருந்து பால் வழியாகக் குழந்தைகளுக்குத் தொற்றியது அதிகம்.

குறைவு என்று போட்டிருக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை படித்தேன். அதிகம்.

மேலே இருந்த சுருக்கம்தான் படிக்க முடிந்தது. உள்ளே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் படித்திருப்பேனா என்று தெரியாது.

மஞ்சள் மாத்திரைகளை விறகடுப்பில் போட்டேன். எண்ணெய் இல்லையா, குப்பென்று எரிந்தது. அத்தை மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து, "என்ன கண்ணு, மீன் எண்ணெ நாத்தமாட்ட வருது?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை."

அப்போது மித்ரன் பசிக்கு அழுதான். தூக்கினேன், ரவிக்கையில் கை வைத்தேன். முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். என் கழுத்தில் வாயை வைத்துத் தேடினான்.


ஜூன் 14, வெள்ளி

டின் பால் வந்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, சங்கை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுக்கிறேன். முதலில் துப்பினான். பசி தாளாமல் பிறகு குடித்தான்.

"பால் இல்லீங்க அத்தை. நின்னுபோச்சு."

அத்தை என் ரவிக்கையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. "நிக்கறது இதானா?" என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தார்.


ஜூன் 17, திங்கள்

கல் மாதிரி கட்டிக்கொண்டது. கை தூக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அத்தை காலையில் பூண்டுக் குழம்பு, இரவில் முருங்கைக்கீரை என்று எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார். சாப்பிடச் சாப்பிட ஊறுகிறது. கொல்லையில் சேலையால் மறைத்துக்கொண்டு மண்ணில் பீய்ச்சி விடுகிறேன். எறும்பு வருகிறது.


ஜூன் 28, வெள்ளி

அங்கே மழை பிடித்துவிட்டது, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அவர் வந்திருக்கிறார். பிறந்த மூன்றாம் நாள் பார்த்துவிட்டுப் போனவர். ராய்ப்பூரிலிருந்து ஒரு சட்டை வாங்கி வந்திருக்கிறார், மித்ரனின் ஒரு கை மட்டும்தான் அதில் நுழைகிறது.

"அளவு தெரியல," என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பையனைத் தூக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். உள்ளங்கையில் கிரீஸ் கறை போகவில்லை. அந்தக் கை முன்பு என் கன்னத்தில் இருந்த நாட்களும் உண்டு. வாசலில் சேலை உலர்த்துகிற மாதிரி நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குக் குழந்தை தங்கவில்லை. அவளுடைய அம்மா மல்லிகைப்பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்றிப்போக அதுதான் வழி என்றாள். இன்று அது நினைவுக்கு வந்தது.

சாயந்திரம் அவரிடம் கேட்டேன். "மாமா, கடைவீதிப் பக்கம் போனீங்கன்னா மல்லிகைப்பூ வாங்கிட்டு வர்றீங்களா? கொஞ்சம் நெறையா."

எங்களுக்குக் கிருமி இருப்பது தெரிந்த நாளிலிருந்து நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. சட்டைகூட மாட்டாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார், அப்புறம் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.


ஜூலை 3, புதன்

தினமும் வாங்கி வருகிறார். நான் சொல்வதேயில்லை. இலையைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார். தலையில் ஒரு கண்ணி வைத்துக்கொள்கிறேன், மீதியை உள்ளே கொண்டுபோய்ப் பழைய வேட்டிக் கிழிசலில் பரப்பி மார்போடு கட்டிக்கொள்கிறேன். மேலே ரவிக்கை. உடம்புச் சூட்டில் வாசனை இரட்டிப்பாகிறது.

"வாசம் வாசல் வரைக்கும் வருது, வாணி," என்றார் நேற்று. கட்டிலில் அவர், கீழே பாயில் நானும் மித்ரனும். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை கீழே இறங்கி என் தோளைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நான் தூங்குவதுபோல் இருந்தேன். கை போய்விட்டது. எடுத்திருக்க வேண்டாம் என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

பூ எதற்கு என்று அவருக்குத் தெரிந்தால் என்ன செய்வார்?


ஜூலை 5, வெள்ளி

இரவில் டின் பால் கரைக்க நேரமாகிறது. அடுப்பு பற்றவைத்தால் அத்தை எழுந்துவிடுவார். அவன் அழுதால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

நேற்று அழவில்லை. எப்படி என்று எழுத வேண்டியதில்லை.


ஜூலை 6, சனி

நேற்றும்.


ஜூலை 10, புதன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் ஊற வைத்திருந்த துணியை அத்தை எடுத்து அலசப் போனார். நான் அவசரத்தில் ரவிக்கையோடு கட்டுத்துணியையும் போட்டிருக்கிறேன். வாளித் தண்ணீரில் பூவெல்லாம் பழுப்பாக மிதந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே அவர் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் மித்ரனை மடியில் வைத்திருந்தேன்.

"இது தலையில வெச்ச பூவா?" என்றார் அத்தை.

நான் மித்ரனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இவனுக்கு முன்னாடி ஒண்ணு செத்துப் பொறந்துச்சு. அன்னைக்கு எங்கம்மா எனக்கு இப்படித்தான் கட்டுனா. புள்ள போனவ கட்டற பூவடி இது. புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு எதுக்குக் கட்டுன?"

"அத்தை..."

"வேலைக்குப் போகோணுமா? ஒடம்பு கெட்டுப்போயிருமா? நான் ரெண்டு வேளையும் பூண்டு உரிச்சுப் போடறேன், நீ உள்ளுக்குள்ள வத்த வெச்சுட்டு இருக்கற. என்னைய என்னன்னு நெனச்ச?"

"அம்மா, விடு," என்றார் அவர்.

"நீ பேசாத. பொட்டலம் பொட்டலமா வாங்கியாந்து குடுத்தவன் நீதான். புள்ள வாயில மண்ணப் போடறதுக்குப் பூ வாங்கியாந்தயா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பூ எதற்கு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாதம்மா. எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்குது. நான் வாங்கிட்டு வந்தது. என்ற கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்துச்சு. பால்ல பையனுக்குப் போயிருமோன்னு பயந்துட்டுப் பண்ணியிருக்கா. அவளுக்கு வேற யாரு இருக்கறா சொல்றதுக்கு, நானும் ஊர்ல இல்ல."

நான் வாங்கிட்டு வந்தது என்றார். போன வருஷத்திலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன் என்று அது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்தார். பிடித்த பூவை விடவில்லை. மித்ரன் பக்கம் கண்ணைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பிக்கு?"

"மொதல்ல பாத்தப்ப இல்லைன்னாங்க. மறுபடியும் பாக்கோணும்," என்றேன்.


ஜூலை 11, வியாழன்

அத்தை என் வட்டலைத் தனியாக எடுத்து வைத்தார். மதியம் பார்த்தால் தன் வட்டலிலும் சோறு போட்டுக்கொள்ளவில்லை.


ஜூலை 12, வெள்ளி

மித்ரன் அத்தையைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தான். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் விடாமல் கத்திக் கூப்பிட்டான். எழுந்து கட்டுத்தரைக்குப் போய்விட்டார். கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது.


ஜூலை 15, திங்கள்

நானும் அவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அத்தை புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வர்றேன். நீங்க சொன்னா எனக்கு வெளங்காது."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, கட்டுரை, டின் பால், பூ.

"ராத்திரி?" என்று கேட்டார்.

"ராத்திரி நான் குடுத்துட்டேன்."

"ஒரு நாளா?"

"தெனமும்." அவரும் அத்தையும் அங்கே இருந்தார்கள். "பகல்ல நிறுத்திடறேன் டாக்டர். ராத்திரி அவன் மோந்து மோந்து வர்றான். எனக்கு முடியல."

டாக்டர் பேனாவை மூடினார். "கலக்காதீங்கன்னு நான் சொன்னேன். நீங்க அதையே பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"அந்தக் கட்டுரை நானும் படிச்சிருக்கேன். அந்தப் பொண்ணுங்களுக்கு இப்ப நீங்க சாப்பிடற மாத்திரை கிடையாது. அதுக்கப்புறம் வேற ஊர்கள்லயும் பாத்திருக்காங்க. வைட்டமின் ஏ குடுத்ததால கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அது உங்க பையனைக் காப்பாத்தல. கெடுத்துடுச்சுன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. ஆனா என்கிட்ட கேட்டிருக்கணும். ராத்திரி மாத்திரை ஒருநாளாவது விட்டீங்களா?"

"இல்லீங்க."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "உங்க ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழ போயிருச்சு. நீங்க நிறுத்தியிருக்கவே வேண்டாம்மா."

நிறுத்தியிருக்கவே வேண்டாம். எழுதினால் இரண்டே வார்த்தை.

"இனிமே?" என்று அவர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குள் அவர் வாய் திறந்ததை இன்றுதான் பார்த்தேன்.

"வாயில வைக்கட்டும். சப்பச் சப்ப ஊறலாம். ஊறினா குடுக்கலாம், பயப்பட வேண்டாம். வரலைன்னா டின் பாலே போதும். அப்புறம், ஒன்பதாம் மாசம் அம்மை ஊசி போடறப்ப குழந்தைக்கு வைட்டமின் ஏ சொட்டு தருவாங்க. அது அவனுக்கு நல்லது. அதையும் போன்ல படிச்சுட்டு ஓடிடாதீங்க."

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஏனுங்க டாக்டரு, ஒரே வட்டல்ல சாப்பிட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"துணி ஒண்ணாத் தொவச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"பையன் எச்சி மேல பட்டா?"

"பாட்டி, முத்தமே குடுங்க."

அத்தை அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என் மடியிலிருந்து அவனை வாங்கிக்கொண்டு தூண் மறைவுக்குப் போனார். திரும்பி வரும்போது அவன் உச்சந்தலை ஈரமாக இருந்தது.


ஜூலை 24, புதன்

சந்தையிலிருந்து அத்தை பால்சுறாக் கருவாடு வாங்கி வந்து வேகவைத்து உதிர்த்துப் பூண்டு போட்டு வதக்கினார். தெருவே மணக்கிறது. ஒரே வட்டலில் எனக்குப் போட்டுவிட்டு மீதியை அவர் சாப்பிட்டார்.

மித்ரனை வைத்தால் நாலு இழுப்பு இழுக்கிறான். வராததால் கோபம் வந்து தலையால் முட்டுகிறான். முகம் சிவக்கக் கத்துகிறான். சங்கைப் பார்த்ததும் அடங்குகிறான்.

"மாடு பாலு விட மறந்துச்சுன்னாக் கன்னுக்குட்டிய விட்டு முட்ட விடுவோம்," என்றார் அத்தை.

"நான் மாடா அத்தை?"

"மாடா இருந்தா கட்டுரை படிச்சிருக்குமா?"

சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் நான் சிரித்து நாளாகிறது.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரவிக்கை உலர்ந்தே இருக்கிறது. இதற்காகத்தான் பூவைக் கட்டினேன்.


ஆகஸ்ட் 15, வியாழன்

நானும் அவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று, "நீ ஒரு நாளும் கேக்கலையே" என்றார்.

"கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"அப்ப வேண்டாம்."

மித்ரனின் சட்டையை மடித்தார். ஒழுங்காக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். "எனக்கு அங்க இருக்கறப்ப உன்ற குரலு வேணும் வாணி. போனை வெக்காம இருப்பயில்ல, அது போதும். பேசோணும்னுகூட இல்ல."

அவருக்கும் அது தெரிந்திருக்கிறது.


ஆகஸ்ட் 22, வியாழன்

ஆறாம் மாதப் பரிசோதனை. மறுபடியும் குத்தினார்கள். இந்த முறை காலை அவர் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கடைசியாக அவன் முழு வயிற்றுக்கு என்னிடம் குடித்தது எந்த இரவு என்று யோசித்துப் பார்க்கிறேன். பூவெல்லாம் அகப்பட்டதற்கு முந்தின இரவாக இருக்க வேண்டும். கடைசி என்று தெரியாமல் தூக்கக் கலக்கத்தில் கொடுத்திருக்கிறேன். அவன் காதைப் பிடித்துக்கொண்டானா, அதுகூட நினைவில்லை.

அந்த இரவுகளில்தான் கிருமி போயிருக்குமோ என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க முடிகிறது.


செப்டம்பர் 1, ஞாயிறு

அத்தை பரங்கிக்காயை வேகவைத்து மசித்து ஊட்டுகிறார். முகமெல்லாம் மஞ்சள். அதில் நல்ல வைட்டமின் ஏ இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

யார் கையால் கொடுத்தாலும் சாப்பிடுகிறான். இரவில் அத்தை பக்கத்தில் தூங்குகிறான். நல்ல பையன் என்கிறார்கள் எல்லாரும். பாயில் அவன் இடம் காலியாக இருக்கிறது, நான் அதைத் தாண்டி உருளுவதில்லை.


செப்டம்பர் 9, திங்கள்

முடிவு வரவில்லை. மழை நின்று ஷெட்டிலிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டது, வியாழக்கிழமை வண்டி கிளம்புகிறது.


செப்டம்பர் 12, வியாழன்

அவர் கிளம்பிப் போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தை மித்ரனின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். பகலில் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். அவரும் நானும் மித்ரனோடு போனோம். அத்தை வரவில்லை. "நல்லதுன்னாப் போன் பண்ணு. இல்லைன்னா நேர்ல வந்து சொல்லு," என்றார்.

டாக்டர் காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார். "இல்ல," என்றார். பிறகு, "இன்னும் ரெண்டு தடவை பாக்கணும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அவர் காகிதத்தைக் கையில் எடுத்துக் கடைசி வரி வரை படித்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். டாக்டர் காத்திருந்தார்.

"பால்?" என்று என்னைக் கேட்டார்.

"வரலீங்க. வத்திடுச்சு."

"பரவால்லம்மா. குழந்தை நல்லா இருக்கான்."

நல்லா இருக்கான். வெளியே வந்து அத்தைக்குப் போன் செய்தோம். அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் மித்ரன் என் மடியில் தூங்கிவிட்டான். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். இன்னும் சில மணி நேரத்தில் போய்விடுவார் என்பதால் தோளை அவர் தோளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சீட் முன்னால் யாரோ ஒரு பெண்ணின் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. பிறந்து சில வாரம்தான் இருக்கும், விட்டு விட்டு அழுகிற அந்தக் குரல்.

மித்ரன் மடியை நனைத்துவிட்டான் என்று முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் அவன் துணி காய்ந்திருந்தது.

"மாமா."

"என்ன, வாந்தி வருதா?"

"பால்."

அவருக்கு விளங்கவில்லை. நான் முந்தானையை விலக்கிக் காட்டினேன். ரவிக்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஈரம், பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

என் பையில் காகிதம் இருந்தது. இவனுக்குக் கிருமி இல்லை என்று எழுதித் தந்து இன்னும் ஒரு வேளைகூட ஆகவில்லை. ஊறினால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை ஒருநாளும் விடவில்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் கை ரவிக்கையிலேயே நின்றது. ஜூன் மாதம் நின்ற அதே கைதான். இப்போது கொடுத்தால் அடுத்த பரிசோதனை வரை மறுபடியும் ஒவ்வொரு நாளும் பயப்படுவேன். கொடுக்காமல் விட்டால் இது இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அந்தக் குழந்தையின் அம்மா அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அது அழுகையை நிறுத்திவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"உனக்கு வேணுமா?" என்றார் அவர்.

பையனுக்கு வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

"வேணும்."

எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, ஒரு முனையை முன்சீட்டுக் கம்பியிலும் மறு முனையை எங்கள் சீட்டின் மேலும் பிடித்துக்கொண்டார். உள்ளே நானும் மித்ரனும் மட்டும். அவன் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே முகம் சுளித்தான். வாயருகே கொண்டுபோனேன். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பற்றினான், விட்டான். உதடு நனைந்திருந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தான். மறுபடி பற்றினான்.

விழுங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வெளியே கண்டக்டர், "அண்ணா, எதுக்குங்க நிக்கறீங்க? சீட்டு இருக்குதில்ல, உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டுங்க."

"வளைவுங்கண்ணா, விழுந்துருவீங்க."

"விழ மாட்டன், நீங்க போங்க," என்றார். ஊர் வரும்வரை அவர் உட்காரவில்லை.